கூண்டில் ஒரு விலை, கிளையில் ஒரு விலை



கயானா படங்களைப் போட்டதிலிருந்து பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "டீச்சர், குருவி பார்க்கத் தென் அமெரிக்கா வரைக்கும் போகணுமா? நமக்கு வேடந்தாங்கல் போதாதா?" என் அண்ணன் மகன் இன்னும் ஒரு படி மேலே போய், "அத்தை, அந்தக் காசுக்கு ஊரில் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கலாமே" என்று கேட்டுவிட்டான்.

நியாயமான கேள்விதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். என் வகுப்பில் மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தவர்கள், இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

முதலில் என் கருத்து. பறவை பார்க்கப் போகும் பயணம் வெறும் ஆடம்பரமாகவும் முடியலாம், ஒரு காடு நிற்பதற்கு நம்மால் ஆன உதவியாகவும் அமையலாம். எத்தனை பறவை பார்த்தோம், எவ்வளவு பெரிய கேமரா கொண்டுபோனோம் என்பதெல்லாம் இதில் கணக்கே இல்லை. நம்மைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனவர் யார், நாம் கொடுத்த பணத்தில் அவருக்கும் அவர் ஊருக்கும் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதுதான் கணக்கு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கயானா தென் அமெரிக்காவின் வடக்குக் கரையில் இருக்கிறது. ஒரு பக்கம் வெனிசுவேலா, மறுபக்கம் சுரினாம், தெற்கே பிரேசில். பரப்பில் தமிழ்நாட்டைவிட ஒன்றரை மடங்குக்கும் பெரியது. மக்கள்தொகையோ சுமார் 8 லட்சம்தான். நாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காடு. 800-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள். ஆங்கிலம் ஆட்சிமொழி என்பதால் நம்மைப் போன்றவர்களுக்குப் பேச்சுச் சிக்கல் இல்லை. 1838 முதல் அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட இந்தியர்களில், பிற்பாடு மதராஸ் துறைமுகத்திலிருந்து போன நம்மவர்களும் உண்டு. அவர்கள் கொண்டுபோன மாரியம்மன் வழிபாடு இன்றும் அங்கே இருக்கிறது.

இன்னொரு தொடர்பும் உண்டு. அந்த நாட்டின் நடுவில் இவோக்ராமா என்று ஒரு மழைக்காடு, சுமார் 3,700 சதுர கிலோமீட்டர். 1989-ல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் மாநாட்டில், அப்போதைய கயானா அதிபர் டெஸ்மண்ட் ஹொய்ட், "காட்டை அழிக்காமல் அதிலிருந்து பிழைக்க முடியுமா என்று ஆராய்ந்து பாருங்கள்" என்ற நோக்கத்தில் அந்தக் காட்டை உலகத்துக்கே ஒப்படைக்க முன்வந்தார். அதை எப்படிச் செய்வது என்று திட்டம் வகுத்த காமன்வெல்த் நிபுணர் குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? நம்ம கும்பகோணத்து எம்.எஸ். சுவாமிநாதன். நெல், கோதுமை என்று மட்டும்தான் அவரைப் பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1996-ல் அந்தக் காட்டுக்கென்றே தனிச் சட்டம் வந்தது.

நான் போனது என் மகள் குடும்பத்தோடு. அவள் இருப்பது நியூயார்க் பக்கம். அங்கிருந்து ஜார்ஜ்டவுனுக்கு ஐந்தாறு மணி நேர விமானம். பிறகு சின்ன விமானத்திலும் ஜீப்பிலும் உள்ளே. காடு முடிகிற இடத்தில் ருபுனுனி என்ற புல்வெளி தொடங்குகிறது. கண்ணுக்கு எட்டியவரை புல், ஆளுயரக் கரையான் புற்றுகள், அங்கங்கே குட்டை மரங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை மழையில் பாதி நிலம் தண்ணீருக்குள் போய்விடும். ஆகவே வறண்ட மாதங்களில்தான் போக வேண்டும்.

இப்போது வழிகாட்டி விஷயத்துக்கு வருகிறேன்.

மழைக்காட்டில் நாமே போய்ப் பறவை பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒரு காலை போய்ப் பார்க்கட்டும். கழுத்து வலிதான் மிச்சம். இலைக்கூட்டம் 30 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே இருட்டு. காட்டுக்குள் பறவையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால்தான் பார்க்க வேண்டும். எங்கள் வழிகாட்டி மகுஷி பழங்குடியைச் சேர்ந்த இளைஞர். முப்பது வயதுகூட இருக்காது. விடியற்காலை ஐந்து மணிக்கு நடக்க ஆரம்பித்தால், நின்று நின்று காதைத் தீட்டிக்கொண்டே வருவார். எங்கோ கன்றுக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். காட்டுக்குள் ஏது கன்றுக்குட்டி? அது கப்பூச்சின் பறவை என்றார். தலையில் இறகே இல்லாத பழுப்பு நிறப் பறவை. விசில் அடிப்பது போல மூன்று கட்டையில் காடே அதிரும்படி ஒரு குரல் கேட்டது. இவ்வளவு பெரிய குரலுக்கு எவ்வளவு பெரிய பறவையோ என்று நினைத்தால், அவர் காட்டியது சாம்பல் நிறத்தில் மைனா அளவில் ஒன்று. தரையில் எறும்புச் சாரி போவதைக் கண்டதும் எங்களை நிறுத்திவிட்டார். படையெறும்புகள் போகும்போது பயந்து ஓடும் பூச்சிகளைப் பிடிக்க எறும்புப் பறவைகள் பின்னாலேயே வருமாம். பத்து நிமிடத்தில் வந்தன.

முப்பத்து நான்கு வருடம் பாடம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், அவர் நல்ல ஆசிரியர். விடையை முதலில் சொல்வதில்லை. எங்களைக் கேட்கவிட்டு, தேடவிட்டு, பிறகுதான் சொல்வார். இத்தனைக்கும் இதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது எந்தக் கல்லூரியும் இல்லை. அப்பாவோடு வேட்டைக்குப் போன காடு அது.

இந்த அறிவுக்குச் சம்பளம் கிடைக்காவிட்டால் அந்த இளைஞர் என்ன செய்வார்? அங்கே வழிகள் குறைவு. ஒன்று, எல்லை தாண்டிப் பிரேசிலுக்குக் கூலி வேலைக்குப் போகலாம். இரண்டு, தங்கச் சுரங்கம். கயானாவில் காடு அழிவதற்கு முதல் காரணமே தங்கச் சுரங்கம்தான். மண்ணைக் கிளறி, பாதரசம் விட்டு, ஆற்றையும் கெடுத்துவிட்டுப் போகும் தொழில். மூன்றாவது வழி, பறவையைப் பிடித்து விற்பது.

மூன்றாவதைப் பற்றி இரண்டு கதைகள் சொல்ல வேண்டும். இரண்டும் ருபுனுனிப் பக்கம் நடந்தவை.

ஒன்று, சன் பாரகீட். பெயர் புதிதாக இருக்கிறதா? நம்மூர் செல்லப்பிராணிக் கடைகளில் "சன் கான்யூர்" என்று விற்கிறார்களே, மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒரு கிளி, அதேதான். 1970, 80-களில் கூண்டு வியாபாரத்துக்காக இதைக் கயானாவில் கூட்டம் கூட்டமாகப் பிடித்து ஏற்றுமதி செய்தார்கள். அந்த நாட்டில் இப்போது சொல்லிக்கொள்ளும்படி மிஞ்சியிருப்பது பிரேசில் எல்லையோரம் கரசபாய் என்ற மகுஷி ஊரைச் சுற்றித்தான். உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் அது இருக்கிறது. உலகம் முழுக்கக் கூண்டுகளில் நிறைந்திருக்கிற பறவை, தான் பிறந்த மண்ணில் அரிதாகிவிட்டது! கரசபாய் மக்கள் இப்போது அதைப் பிடிப்பதில்லை, பிடிக்க விடுவதும் இல்லை. பார்க்க வருகிறவர்களை அவர்களே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள்.

இரண்டாவது, ரெட் சிஸ்கின். நம் சிட்டுக்குருவியைவிடச் சின்னது. உடம்பு செக்கச் சிவப்பு, தலை கறுப்பு. இந்தச் சிவப்புக்கு ஆசைப்பட்டு, கேனரிப் பறவையோடு சேர்த்துக் கலப்பினம் உண்டாக்குவதற்காக இதை வெனிசுவேலாவில் பிடித்துப் பிடித்து ஏறக்குறைய துடைத்தே விட்டார்கள். 2000-ல் யாரும் எதிர்பாராத வகையில், பல நூறு கிலோமீட்டர் தள்ளி, தெற்கு ருபுனுனியில் ஒரு கூட்டம் உயிரோடு இருப்பது தெரிய வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்தப் பகுதி மக்களே அதைக் காப்பதற்காகத் தெற்கு ருபுனுனிப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

இந்த இரண்டு கதையிலும் எனக்குத் தெரிகிற பாடம் சாதாரணக் கூட்டல் கணக்கு. கிளியைப் பிடித்து விற்றால் பிடித்தவருக்கு ஒரே ஒரு முறை காசு, அதுவும் சொற்பம். இடைத்தரகருக்குத்தான் லாபம். அதே கிளி மரத்தில் உட்கார்ந்திருந்தால், அடுத்த வருடமும் யாரோ ஒருவர் பார்க்க வருவார். வழிகாட்டிக்குக் கூலி, படகுக்காரருக்கு வாடகை, சமைக்கிற அம்மாவுக்குச் சம்பளம். நான் பார்த்த சுராமா என்ற ஊரில் விருந்தினர் விடுதியை ஊரே சேர்ந்து நடத்துகிறது. "காட்டைக் காப்பாற்று" என்று ஏழையிடம் உபதேசம் செய்வது சுலபம். காடு நின்றால் அவன் வீட்டில் அடுப்பு எரியும் என்று ஆக்கிக் காட்டுவதுதான் கஷ்டம். அங்கே அதைக் கொஞ்சமாவது செய்திருக்கிறார்கள்.

இதற்கு மறுப்பு இல்லையா? இருக்கிறது.

விமானப் புகை ஒன்று. காட்டைக் காக்கிறேன் என்று கண்டம் விட்டுக் கண்டம் பறப்பதில் முரண்பாடு இருப்பது உண்மை. அதனால்தான் இதை வருடா வருடம் செய்கிற வேலையாக்கக் கூடாது என்கிறேன். மகளையோ மகனையோ பார்க்க எப்படியும் அமெரிக்கா, கனடா போகிறவர்கள் நம்மில் பலர். அப்படிப் போகும்போது ஒருமுறை சேர்த்துக்கொண்டால் போதும்.

இன்னொன்று, பட்டியல் வெறி. பத்து நாளில் ஐந்நூறு இனம் என்று ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் இருந்த இடத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குழுவின் தலைவர், ஒரே பறவையின் குரலைக் கைப்பேசியில் மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். அது எதிரி வந்துவிட்டது என்று பதறி, இரை தேடுவதை விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி அலைந்தது. உள்ளூர் வழிகாட்டி ஓரமாக நின்றார். குழுத் தலைவரிடம் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த மாதமும் அதே நிறுவனம்தானே ஆள் அனுப்ப வேண்டும்! எங்கோ ஒரு பெருநகரத்தில் இருக்கிற நிறுவனம் பெரும்பங்கை எடுத்துக்கொண்டு, காட்டைத் தெரிந்தவருக்குத் தினக்கூலி மட்டும் கொடுக்கும் பயணங்கள் இப்படித்தான் இருக்கும். அந்த வகைப் பயணத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

அதனால், போக நினைக்கிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

1. வழிகாட்டி அந்தக் காட்டு ஊர்க்காரரா, வெளியிலிருந்து வருகிறவரா?
2. தங்கும் விடுதி யாருடையது? ஊருக்கு அதில் பங்கு உண்டா?
3. ஒரு குழுவில் எத்தனை பேர்? எட்டுக்கு மேல் என்றால் யோசியுங்கள். காட்டில் பின்னால் நிற்பவருக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும்.
4. பதிவு செய்த குரலைப் போட்டுப் பறவையை அழைப்பதில் அவர்கள் வைத்திருக்கும் கட்டுப்பாடு என்ன?

பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் அங்கே போய்விட்டு இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். என்னைப் போல அறுபது தாண்டியவர்கள் உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வேடந்தாங்கல் போதாதா என்று கேட்டவர்களுக்கு: தாராளமாகப் போதும். நான் எல்லோரையும் கயானாவுக்குக் கிளம்பச் சொல்லவில்லை. வேடந்தாங்கலில் அந்த ஊர் மக்கள்தான் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்தார்கள். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரமானது என்பதும் ஒரு காரணம். அங்கேயும் இங்கேயும் நியாயம் ஒன்றுதான்.

கயானாவுக்குப் போகாமலே எல்லோரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு சன் கான்யூர் வாங்கலாமா என்று என்னிடமே இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். கடையில் இருப்பது பண்ணையில் பொரித்த குஞ்சாகவே இருக்கலாம். ஆனாலும் கூட்டத்தோடு மைல் கணக்கில் பறக்கிற பறவை அது. இருபது வருடத்துக்கு மேல் வாழும். பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகு யார் பார்த்துக்கொள்வது? ஏற்கனவே வைத்திருப்பவர்கள், 2024-ல் வந்த விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்துவிட்டீர்களா என்று பாருங்கள். பச்சைக்கிளியோ, 1972 வனவிலங்குச் சட்டப்படி கூண்டில் வைக்கவே கூடாது. அந்தக் காசுக்குப் பிள்ளைக்கு ஒரு நல்ல பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்த்துவிடுங்கள்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தயங்காமல் கீழே எழுதுங்கள். வகுப்பில் எதிர்க்கேள்வி கேட்டவர்களை நான் உட்காரச் சொன்னதில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன். அண்ணன் மகனுக்கு மட்டும் தனியாக ஒன்று: மனை விலை ஏறிக்கொண்டேதான் இருக்கும்ப்பா, எனக்கு முழங்கால் அதுவரை காத்திருக்காது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்