வெள்ளைப் பூ அமங்கலமா?

வழக்கமாக வகுப்பறையைப் பற்றியே எழுதும் நான், இன்று ஒரு திருமண வீட்டுப் பேச்சைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

குவீன்ஸ்டவுனில் எங்கள் வீவக கட்டடத்திலேயே வசிக்கும் என் முன்னாள் மாணவிக்கு அடுத்த மாதம் திருமணம். மேடைக்கும் மாலைக்கும் வெள்ளை, சந்தனம், வெளிர் ரோஜா நிறப் பூக்களே போதும் என்றாள். "வெள்ளை அமங்கலம். சீனர்களும் துக்கத்திற்குத்தானே வெள்ளை வைக்கிறார்கள்?" என்று மறுத்தார் அவளுடைய அத்தை. "டீச்சர், நீங்களே சொல்லுங்கள்" என்று இருவரும் என்னைப் பார்த்தனர். அப்படிச் சொன்ன அத்தையின் கொண்டையில் இரண்டு முழம் மல்லிகை இருந்தது!

மல்லிகை, முல்லை, சம்பங்கி, நந்தியாவட்டை யாவும் வெள்ளைதானே? அகநானூற்றின் 86ஆம் பாடலில், மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். அவள் கூந்தலில் பூவும் நெல்லும் விளங்குகின்றன. அங்கே நிறத்திற்குத் தடை எதுவும் இல்லை. ஜாவா மணப்பெண்ணும் வெண்மல்லிகைச் சரமே சூடுகிறாள். சீன மணப்பெண்கள் பலர் இன்று வெள்ளை அங்கியும் அணிகின்றனர். இது மேல்நாட்டு மோகம் என்பாரும் உளர். விக்டோரியா அரசி வெள்ளை உடையில் மணந்தது 1840இல். நம் மல்லிகையோ அதற்கு மிகவும் மூத்தது.

அப்படியானால் அச்சம் எங்கிருந்து வந்தது? பூவிலிருந்து அன்று, கணவனை இழந்த பெண்ணுக்கு நாம் உடுத்திய வெள்ளைப் புடவையிலிருந்து வந்தது. அவளுக்கு வெள்ளையைக் கொடுத்துவிட்டுப் பூவைப் பறித்துக்கொண்டோம். என் மாணவியின் தாயும் கணவரை இழந்தவர். மாலை எடுத்துக் கொடுக்க வேறொருவரை ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். பூவின் நிறத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியவர்கள், அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

வெளிர் நிறம் விரும்புவோர்க்குச் சில யோசனைகள்: சந்தன நிறப் பட்டின்மேல் அதே நிற மாலை எடுபடாது, மரிக்கொழுந்தோ பச்சை இலையோ இடையிடையே சேர்க்கச் சொல்லுங்கள். தோவாளை மாணிக்கமாலையில் வெள்ளை அரளியோடு சிவப்பு அரளியும் நொச்சி இலையும் சேர்வதை நினைவில் கொள்ளுங்கள், பெரியவர்களும் மகிழ்வார்கள். வெள்ளை ரோஜா கைபட்டால் கறுக்கும். நம் வெயிலுக்குச் சம்பங்கி தாங்கும். தேக்காவில் பூ கட்டுவோரிடம் முகூர்த்த நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால், மொட்டாகக் கட்டுவதா மலர்ந்ததைக் கட்டுவதா என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். "கிரீம் கலர்" என்பதற்குச் சந்தன நிறம் என்ற பெயர் உண்டென்று அவர்கள் அங்கே கற்கட்டும்.

என் கருத்து இதுதான்: மணமகள் எந்த நிறத்தையும் தேர்ந்தெடுக்கட்டும். ஆனால் முதல் மல்லிகைச் சரத்தை அவள் தன் தாயின் கூந்தலில் சூட்டட்டும். மாலையைத் தாயே எடுத்துக் கொடுக்கட்டும். அதைவிட மங்கலம் வேறென்ன இருக்க முடியும்?

அன்று என் மாணவியிடம் இதைத்தான் சொன்னேன். அத்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு தம் கொண்டையிலிருந்த சரத்தில் பாதியைக் கிள்ளி அண்ணியிடம் நீட்டினார்.