பழைய விசை உழுவைகளும் நமது சங்கங்களும்

நம் அங்கத்தினர் பலருடைய மாட்டுக் கொட்டிலின் ஓரத்திலோ, வைக்கோற் போரின் மறைவிலோ, துருவேறிய விசை உழுவை ஒன்று கிடப்பதைக் காண்கிறோம். பவர் டில்லர் என்றே யாவரும் அழைக்கும் இந்த யந்திரம், ஒரு காலத்தில் கடன் பெற்று ஆவலோடு வாங்கப்பட்டது. மாலையிட்டுப் பொட்டு வைத்து வயலில் இறக்கப்பட்டது. இன்று அதன் எஞ்சின்மேல் கோழி அடைகாக்கிறது. உடையவரைக் கேட்டால், "அதன் ஆயுள் முடிந்துவிட்டது" என்பார். உண்மையில் ஆயுள் முடிந்து கிடப்பவை மிகச் சில. கவனிப்பாரின்றிக் கிடப்பவையே மிகப் பல என்பது என் துணிபு. இவற்றைச் செப்பனிட்டு மீண்டும் வயலுக்கு அனுப்புவது தனியொருவரால் ஆகக்கூடியதன்று. அது சங்கம் மேற்கொள்ள வேண்டிய பணி.

கைப்பிடித்து நடத்தும் உழவு யந்திரம் புதிதாக வந்ததன்று. சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் முறையை ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபோர்டு ஹோவர்டு என்பவர் 1912-ல் சோதித்தார். 1920-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் கிரேவ்லி என்பவர் 1916-ல் தமது தோட்டக் கலப்பைக்குக் காப்புரிமை பெற்றார். ஜப்பானியர் இவ்வகை யந்திரத்தைச் சிறு நெல் வயல்களுக்கு ஏற்றதாக்கினர். நம் நாட்டில் 1967-ல் பெங்களூரில் மிட்சுபிஷியின் துணையோடு வி.எஸ்.டி. நிறுவனமும், 1973-ல் கேரளத்து அத்தாணியில் காம்கோ என்னும் அரசு நிறுவனமும் தோன்றின. அமெரிக்காவில் பழைய கிரேவ்லியையும், 1961-ல் வெளிவந்த கப் கேடட் என்னும் சிறு தோட்ட டிராக்டரையும் இன்றும் ஓட்டுவோர் உளர். அறுபது ஆண்டு கண்ட யந்திரங்கள் அவை. அவற்றின் இரும்பு நம் இரும்பைவிட உயர்ந்தது என்று எண்ண வேண்டா. அவற்றுக்குரிய கையேடும் உதிரிப் பாகமும் கிடைக்கின்றன. படித்துப் பார்த்துக் கழற்றிப் பூட்டும் பொறுமை உடையவரிடம் இருக்கிறது. அவ்வளவே.

நம் உழுவை அவற்றினும் எளிய அமைப்புடையது. 12 அல்லது 13 குதிரைத் திறனுடைய ஒற்றை உருளை டீசல் எஞ்சின் படுக்கைவாட்டில் அமர்ந்திருக்கும். அதிலிருந்து பெல்ட்டுகள் வழியே கிளட்சுக்கும், அங்கிருந்து கியர் பெட்டி வழியே சக்கரங்களுக்கும் கத்திகளுக்கும் விசை செல்லும். பழைய உழுவையில் ஸ்பேனருக்குக் கட்டுப்படாத பாகம் ஒன்றுமில்லை.

இத்துணை எளிய யந்திரம் ஏன் கெடுகிறது? முதற் பகை சேறு. சேற்றுழவின்போது கத்திகள் சுழலும் தண்டின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல்களில் வைக்கோலும் நாரும் சுற்றிக்கொள்கின்றன. அவற்றை அன்றன்றே அறுத்தெறியாவிடில் சீல் கிழிந்து நீர் உள்ளே புகும். கியர் பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். அந்நிலையில் ஒரு பருவம் ஓட்டினால் பேரிங்குகளும் பற்சக்கரங்களும் அரித்துப் போகும். சில நூறு ரூபாய்ச் சீலைப் புறக்கணித்தவர் பல ஆயிரம் செலவழித்துக் கியர் பெட்டியைப் பிரிக்க நேர்கிறது. எஞ்சின் எண்ணெயும் அவ்வாறே வெளுக்குமாயின், உருளையின் லைனரைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்கள் இற்றுக் குளிர்விக்கும் நீர் கசிகிறது என்று முதலில் ஐயுற வேண்டும். வளையங்கள் மலிவானவை, அவற்றைக் கவனியாமல் இறுகிப்போகும் கிராங்க் மலிவானதன்று.

இரண்டாம் பகை புழுதி. காற்று வடிகட்டியின் அடிக்கிண்ணத்தில் எண்ணெய் இருக்க வேண்டும்; பல உழுவைகளில் அங்கே உலர்ந்த மண்ணே இருக்கிறது. புழுதி உள்ளே சென்றால் பிஸ்டன் ரிங்குகளும் லைனரும் தேய்ந்து, எஞ்சின் நீலப்புகை விடத் தொடங்கும். நீலப்புகை எண்ணெய் எரிவதன் அடையாளம். கரும்புகையாயின் காற்று போதவில்லை, அல்லது சுமை மிகுதி, அல்லது நாசில் சரியாகத் தூவவில்லை. இதைப் பகுத்தறியாமல், எப்புகை கண்டாலும் எஞ்சினைப் பிரித்துவிடும் கைகாரர் நம் வட்டாரத்திற் குறைவில்லை! டீசல் தீர்ந்தபின் மறுபடி நிரப்பியும் எஞ்சின் கிளம்பவில்லை என்றால், பெரும்பாலும் குழாயிற் காற்று அடைபட்டதே காரணம். வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்திக் குமிழியின்றி டீசல் வரும்வரை விட்டு மூடினால் போதும். இதற்காக யந்திரத்தை வண்டியில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுசென்றவர்களை நான் அறிவேன். வண்டிக்கூலி வேலைக்கூலியைப் போல் பன்மடங்காயிற்று.

எண்ணெய் மாற்றுவதற்குப் பல கையேடுகள் 100 மணி நேரம் என்று கணக்குக் கூறுகின்றன. ஆனால் எத்தனை மணி ஓடிற்று என்று எழுதி வைப்பவர் யார்? பாலுக்குக் கணக்கு வைக்கிறோம், பருத்திக்கு வைக்கிறோம், யந்திரத்துக்கு வைப்பதில்லை.

கத்திகளில் இடவளைவு, வலவளைவு என இருவகை உண்டு. மாற்றிப் பூட்டினால் கூர்முனைக்குப் பதிலாக முதுகு மண்ணில் அடிபடும், எஞ்சின் திணறும், டீசல் வீணாகும். பழி யந்திரத்தின் முதுமை மேல் விழும்.

பழுது பார்ப்போர் உயிருக்கும் அஞ்ச வேண்டும். உழுவை பின்னோக்கி வரும்போது கத்திகள் சுழலாதபடி தடுக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அது பழுதானவுடன் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவோர் பலர். பின்னால் வரும் யந்திரத்தின் கத்திகளுக்கும் ஓட்டுநரின் கால்களுக்கும் இடையே வேறு தடை இல்லை என்பதை அவர் நினைப்பதில்லை. நாசில் தூவுவதைக் கைவைத்துச் சோதிப்பதும் பெருந்தீங்கு. அவ்வழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உட்புகும். நீர் வற்றிக் கொதித்த எஞ்சினில் உடனே குளிர்ந்த நீரை ஊற்றுவோர் ஹெட்டை வெடிக்கச் செய்கிறார்கள்.

இவ்விடத்தில் நெசவாளத் தோழர்களையும் துணைக்கு அழைக்கிறேன். அவர்கள் இல்லங்களில் பாட்டன் காலத்துத் தறி இன்றும் ஓடுகிறது. அச்சுத் தேய்ந்தால் அச்சை மாற்றுவார்; விழுது அறுந்தால் விழுதைக் கட்டுவார்; நாடா உடைந்தால் மறுநாள் காலையில் வேறு நாடா கையில் இருக்கும். தறியையே மாற்ற வேண்டும் என்று எவரும் கூறுவதில்லை. தறியின் ஒவ்வோர் உறுப்பும் அவருக்குத் தெரியும். உறுப்புக்கள் ஊரிலேயே கிடைக்கும். தனித்தனியே நூல் வாங்கியும் துணி விற்றும் அல்லலுற்றவர்கள் ஒன்று கூடியதன் பயனாகத்தான் 1935-ல் கோ-ஆப்டெக்ஸ் உருவாயிற்று. நூலுக்குச் செய்ததை உழுவையின் உதிரிப் பாகத்துக்குச் செய்ய நம்மால் இயலாதா?

எதிர்க் கருத்து உண்டு என்பதை அறிவேன். புதிய யந்திரம் வாங்க மானியம் இருக்கும்போது பழையதோடு ஏன் மாரடிக்க வேண்டும் என்பர். 2014-15 முதல் நடந்துவரும் வேளாண் யந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்குப் பாதி விலைவரை மானியம் உண்டு என்பது உண்மையே. ஆனால் மறுபாதியை எவர் கொடுப்பது? கடன். அக்கடன் தீருமுன்பே புதியதும் பழையதாகிக் கொட்டிலுக்குப் போகிறது. ஏனெனில் பழையதைக் கெடுத்த அதே கைகளிடம்தான் புதியதும் ஒப்படைக்கப்படுகிறது. எல்லாப் பழைய யந்திரங்களையும் காப்பாற்ற வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. எஞ்சின் உடலோ கியர் பெட்டியின் கூடோ வெடித்திருந்தால், அதன் நல்ல பாகங்களை எடுத்துக்கொண்டு மிச்சத்தை இரும்புக் கடைக்கு அனுப்புவதே அறிவுடைமை. பழையதைப் பழையது என்பதற்காகவே போற்றுவது பணக்காரர் பொழுதுபோக்கு.

பழுது பார்க்கும் உரிமை பற்றிய பேச்சு வெளியுலகிலும் எழுந்துள்ளது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், விவசாய யந்திரங்களின் கையேடு, கருவி, பாகம் ஆகியவற்றை உற்பத்தியாளர் உடையவருக்குத் தர வேண்டும் என்று 2023-ல் சட்டம் இயற்றியது. 2024 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022-ல் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. முதலில் கவனிக்க எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் உழவுக் கருவிகளும் ஒன்று. ஆயினும் உரிமை வந்தபின் அதைப் பயன்படுத்தும் கை நம்மிடம் இல்லையேல் என்ன பயன்?

ஆகவே என் யோசனை இது. அண்டையிலுள்ள நான்கைந்து சங்கங்கள் கூடி ஒரு பழுது பார்க்கும் கொட்டகை அமைக்க வேண்டும். பெல்ட், ஆயில் சீல், ரப்பர் வளையம், வடிகட்டி, ரிங், ஹெட் கேஸ்கட், கத்தி, போல்ட் ஆகியவற்றை மொத்தமாக வாங்கி இருப்பு வைக்க வேண்டும். போலிப் பாகம் நுழையாமல் பார்க்கும் பொறுப்பு நிர்வாகக் குழுவினுடையது. நாசில் சோதிக்கும் கருவி போன்ற விலையுயர்ந்தவை கொட்டகைக்கு ஒன்று இருந்தாற் போதும். அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள் இருவரை வேளாண்மைப் பொறியியல் துறையிடம் பயிற்சிக்கு அனுப்பி, அவர்களுக்கு நிலையான ஊதியம் தர வேண்டும். வேலைக்குத் தக்க கூலி என்று விட்டால் வேண்டாத பாகத்தையும் கழற்றுவார்கள். ஒவ்வோர் உழுவைக்கும் ஒரு கணக்குப் புத்தகம் தமிழில் இருக்க வேண்டும்.

மற்றொன்றும் கூறுவேன், இதனாற் சிலர் என்மேற் சினங்கொள்ளலாம். ஏற்கெனவே உழுவை வைத்திருக்கும் அங்கத்தினர் புதியதற்குக் கடன் கேட்டால், பழையதைக் கொட்டகையிற் சோதித்து, "செப்பனிட இயலாது" என்று எழுதிய சான்று இல்லாமல் சங்கம் கடன் வழங்கலாகாது.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதற்குமுன் சீல் மாற்றி, எண்ணெய் மாற்றி, கத்தி பூட்டி முடிக்கக் கோடை மாதங்கள் இரண்டும் வேண்டும். ஆதலால் இது பற்றிய தீர்மானம் பங்குனிக்குள் நடக்கும் பேரவைக் கூட்டத்தில் வர வேண்டும். தங்கள் கொட்டிலில் கிடக்கும் உழுவையின் மாதிரி, வாங்கிய ஆண்டு, இன்றுள்ள குறை ஆகியவற்றை அங்கத்தினர் ஒரு தாளில் எழுதிக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தால், எத்தனை சீல், எத்தனை பெல்ட் வாங்க வேண்டும் என்பதை அன்றே கணக்கிட்டுவிடலாம்.