கரையும் காரை

பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடித்தவர்களுக்குத் தெரியும். ஆணி இறங்கும், ஆனால் நிற்காது. காரை பொலபொலவென்று உதிர, மாட்டிய காலண்டரோடு ஆணியும் கீழே வரும். வயதானவர்களின் எலும்பில் திருகு முடுக்கும் அறுவை நிபுணருக்கும் இதே சங்கடம்தான். உலோகம் உறுதி, சுவர்தான் பலவீனம்.

தில்லியில் இது சின்ன விஷயமல்ல. எய்ம்ஸ் மருத்துவமனையின் ரவீந்தர் கோஸ்வாமியும் சகாக்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், தலைநகரின் ஆரோக்கியமான மனிதர்களிடமே வைட்டமின் டி குறைவாக இருந்தது தெரியவந்தது. வெயிலில் உழலும் ராணுவ வீரர்களின் நிலை பரவாயில்லை. கூரைக்கடியில் வேலை பார்க்கும் டாக்டர்களும் நர்சுகளும் தப்பவில்லை. வைட்டமின் டி போதாவிட்டால் உணவிலுள்ள கால்சியம் உடலில் சரிவரச் சேராது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் குறைவும் கைகோத்துக்கொள்ள, எலும்பு உள்ளுக்குள் சல்லடையாகிறது. குளியலறையில் வழுக்கினால் போதும், இடுப்பு முறிகிறது. தகடு வைத்துத் திருகினாலும் எலும்பு பிடி கொடுப்பதில்லை. திருகு நழுவினால் மறுபடியும் அறுவை. எழுபது வயதில் அது லேசான காரியமல்ல.

தச்சர் என்ன செய்வார்? துளையில் மரக்கட்டையைச் செருகி, அதில் ஆணியை இறக்குவார். மருத்துவர்கள் செய்வதும் ஏறக்குறைய அதுதான். துளைக்குள் குழைவான சிமென்ட்டைச் செலுத்தி, இறுகுவதற்குள் திருகை முடுக்குவது ஒரு வழி. பக்கவாட்டில் ஓட்டைகள் உள்ள திருகைப் பொருத்தி, அதன் நடுத் துவாரம் வழியே சிமென்ட்டை அனுப்புவது இன்னொரு வழி. எலும்பின் பொந்துகளில் சிமென்ட் பாய்ந்து இறுகியதும் திருகு வேர் பிடித்ததுபோல் நிற்கிறது.

எந்த சிமென்ட் என்பதுதான் கேள்வி. பிரிட்டிஷ் நிபுணர் ஜான் சார்ன்லி 1950களின் இறுதியில் செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்தப் பயன்படுத்திய அக்ரிலிக் சிமென்ட் இன்றும் புழக்கத்தில் உள்ளது. உறுதிக்குக் குறைவில்லை. ஆனால் இறுகும்போது சூடு கிளப்பும்; ஆயுள் முழுக்க அந்நியப் பொருளாகவே உள்ளே கிடக்கும்.

மாற்று, 1980களில் அமெரிக்கப் பல் மருத்துவ ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து வந்தது. பல் சொத்தையைச் சரிசெய்ய வழி தேடிய பிரௌன், சௌ என்ற விஞ்ஞானிகள், இரண்டு கால்சியம் பாஸ்பேட் பொடிகளை நீரில் குழைத்தால் அது எலும்பின் தாதுவைப் போன்ற பொருளாகவே இறுகுவதைக் கண்டனர். சூடு அதிகமில்லை. பழைய எலும்பை அரிக்கும் செல்கள் இதையும் மெதுவாக அரிக்க, அந்த இடத்தில் புது எலும்பு வளர்கிறது. இதற்கு மாதங்களும் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். மண்டையோட்டுப் பள்ளங்களை நிரப்ப 1996இல் அமெரிக்க அரசு இதை அனுமதித்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவக் கழகத்தின் மனோஜ் கோமத்தும் எச்.கே. வர்மாவும், ஊசிக்குழாய் வழியே செலுத்தக்கூடிய இத்தகைய சிமென்ட்டை உருவாக்கி 2003இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர்.

குறைகளும் உண்டு. அழுத்தத்தைத் தாங்கும் இந்த சிமென்ட், இழுவைக்கும் முறுக்கலுக்கும் ஈடுகொடுக்காமல் நொறுங்கும். இடம் தவறி ரத்தக் குழாய்க்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. நோரியன் என்ற அமெரிக்க நிறுவனம் தன் கால்சியம் பாஸ்பேட் சிமென்ட்டை, உரிய அனுமதியின்றி முதுகெலும்பு முறிவுகளில் பரிசோதித்தது. 2003-04இல் மூன்று நோயாளிகள் அறுவை மேசையிலேயே இறந்தனர். 2010இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு நான்கு அதிகாரிகளுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. உடலோடு ஒத்துப்போகும் பொருள் என்பதாலேயே எல்லா இடத்திலும் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது.

இந்தியாவில் 2018 ஜனவரி முதல் மருத்துவச் சாதன விதிகள் அமலில் உள்ளன. ஆனால் எலும்புக்குள் என்ன வைக்கப்படுகிறது, எதற்கு அனுமதி பெற்றது என்று அறுவைக்கு முன் கேட்கும் குடும்பங்கள் எத்தனை?

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. கரையும் சிமென்ட் கொடுப்பது கடன். அது கரையும் வேகத்துக்குப் புது எலும்பு வளர்ந்தால்தான் கடன் அடையும். திருகு போட்டதோடு வேலை முடிந்ததென்று வீட்டுக்கு அனுப்பப்படும் பாட்டியின் எலும்புத் தேய்மானத்துக்கு யார் மருந்து தருகிறார்கள்? வைட்டமின் டி அளவை யார் பார்க்கிறார்கள்? அதைக் கவனிக்காவிட்டால், அடுத்த வழுக்கலில் வேறோர் எலும்பு முறியும்.