வெயிலைக் கேட்குமுன் வட்டியைக் கேளுங்கள்!

சென்ற மாதம் கீழத்தஞ்சைப் பக்கம் ஒரு விவசாயத் தொழிலாளர் தெருவில் நாம் கூட்டம் முடித்துப் புறப்படும்போது, நடவு வேலை செய்யும் ஒரு தோழர் பிளாஸ்டிக் பையில் சுற்றிய காகிதங்களுடன் வந்தார். சவூதியில் பாலைவனத்து ஊர் ஒன்றில் கான்கிரீட் வேலையாம். இன்னும் பத்து நாளில் பயணம். “தோழர், அங்கே வெயில் ரொம்பக் கடுமையாமே? என்னென்ன கையோட கொண்டு போகணும்?” என்று கேட்டார்.

காகிதங்களைப் பிரித்தோம். இருந்தது வேலை விசா அல்ல, விசிட் விசா! ஏஜெண்டுக்குக் கொடுத்தது 1,20,000 ரூபாய். ரசீது கிடையாது. பணம் மூணு வட்டிக்கு வாங்கியது. அதாவது, விமானம் ஏறுவதற்கு முன்பே மாதம் 3,600 ரூபாய் அவர் கழுத்தில் ஏறிவிட்டது.

வெயிலைப் பற்றிச் சொல்லுகிறோம். அது விளையாட்டல்ல. 2016 ஜூலையில் குவைத்தின் மித்ரிபா என்ற இடத்தில் 53.9 டிகிரி பதிவாயிற்று. சவூதியிலும் அமீரகத்திலும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நடுப்பகலில் திறந்த வெளியில் வேலை வாங்கக்கூடாது என்று விதி இருக்கிறது. நல்லது. ஆனால் உடம்பு கடிகாரம் பார்த்தா காய்கிறது? கடலோரத்து ஊர்களில் காற்றின் ஈரம் வியர்வையை உலர விடாது. காலை ஒன்பது மணிக்கே ஆள் சுருண்டு விழலாம். கத்தார் 2021-ல் ஈரத்தையும் சேர்த்து அளக்கும் வெப்ப அளவு 32.1-ஐத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும் என்று விதித்தது. எல்லா நாட்டிலும் அப்படி ஏன் இல்லை? தண்ணீரும் உப்பும் நிழலும் இல்லாமல் மாதக்கணக்கில் உழைத்தால் சிறுநீரகம் கெடும். தலைக்குத் துண்டு கொண்டு போ, தண்ணீர் குடி என்று புத்தி சொல்லும் பெரிய மனிதர்கள், மேஸ்திரி தண்ணீர் குடிக்க விடுவானா என்பதைச் சொல்லுவதில்லை.

ஏன் விடமாட்டான்? இவன் போக முடியாதவன் என்று அவனுக்குத் தெரியும். இங்கேதான் வட்டி வருகிறது.

நம் பாட்டன்மார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கதை பல வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. கங்காணி முன்பணம் கொடுத்து அழைத்துப் போனான். அந்தக் கடன் ‘துண்டு’ என்ற சீட்டில் ஏறியது. துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குக் காலடி வைக்க முடியாது. கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்ளும் துரை வந்தால்தான் விடுதலை. அந்தத் துண்டு முறை 1921-ல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

ஒழிந்ததா? பாலைவனத்தில் அதற்குக் கஃபீல் என்று பெயர்! விசா அவன் பேரில், இக்காமா அவன் பேரில். வேலையை விட்டு நகர்ந்தால் ‘ஹுரூப்’, ஓடிப்போனவன் என்று எழுதிக் கொடுத்துவிடுவான். பிறகு போலீசுக்குப் பயந்து ஒளிய வேண்டியதுதான். தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்வது சவூதியிலும் கத்தாரிலும் அமீரகத்திலும் சட்டப்படி தப்பு. ஆனாலும் “பத்திரமாக இருக்கட்டும்” என்று வாங்கிப் பூட்டி வைக்கும் முதலாளிகளுக்குப் பஞ்சமில்லை. சட்டங்கள் மாறவில்லை என்று சொல்லமாட்டோம். கத்தார் 2020-ல் வேலை மாற முதலாளியின் சம்மதச் சீட்டு வேண்டாம் என்றது. சவூதியும் 2021-ல் கொஞ்சம் தளர்த்தியது. ஆனால் யாரை விலக்கி வைத்தது பாருங்கள்: வீட்டு வேலை செய்பவர், டிரைவர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர், பண்ணை ஆள். நம் தெருவிலிருந்து போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பட்டியலில் வருவார்கள்!

“எல்லாம் தெரிந்துதானே போகிறான், பேராசைதானே” என்று சிலர் திண்ணையில் உட்கார்ந்து நியாயம் பேசுகிறார்கள். அவர்களைக் கேட்கிறோம்: மேட்டூர்த் தண்ணீர் தவறினால் வேலையில்லை, நடவுக்கு இயந்திரம், அறுப்புக்கு இயந்திரம். ஆலையில் கதவடைப்பு. இவன் எங்கே போவான்? 2024-ல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணம் ஏறக்குறைய 12,900 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்குச் சொன்னது. அந்தப் பணம் கசக்கவில்லை. அதை அனுப்பினவன் மட்டும் பேராசைக்காரனாம்!

அதே 2024 ஜூன் 12 விடியற்காலையில் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தீப்பிடித்தது. ஏறக்குறைய 50 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள், 7 பேர் நம் தமிழகத்தவர். தூங்கிக்கொண்டிருந்தவர்கள். “படுக்கும் இடத்தில் வெளியே போக எத்தனை வழி?” என்று கேட்க அங்கே ஒரு சங்கம் இருந்ததா?

சவூதியிலும் அமீரகத்திலும் சங்கம் அமைக்கவே சட்டம் இடம் தருவதில்லை. 1953-ல் தஹ்ரான் எண்ணெய் வயல்களில் ஆயிரக்கணக்கான சவூதித் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். 1956-ல் வேலை நிறுத்தமே குற்றம் என்று அரச கட்டளை வந்தது. ஆனாலும் 2006 மார்ச்சில் துபாயில், இன்று புர்ஜ் கலீஃபா என்று படம் பிடிக்கிறார்களே, அந்தக் கோபுரம் கட்டிய ஆட்கள் கூலிக்காக வேலையை நிறுத்தினார்கள். இதை எந்த ஏஜெண்டும் சொல்ல மாட்டான்.

எனவே போகிறவர்கள் இவற்றைப் பாருங்கள். 10-ஆம் வகுப்பு தேறாதவர் வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக சர்க்காரின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். விசிட் விசா அதை ஏய்க்கும் குறுக்கு வழி, அதில் வேலை செய்தால் அங்கே பிடிபடுவது நீங்கள்தான், ஏஜெண்டு அல்ல. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிப்படி பதிவு பெற்ற ஏஜெண்டு 30,000 ரூபாயும் வரியும்தான் கூலியாக வாங்கலாம், ரசீதும் தரவேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் கூலி, மணி, ஓவர்டைம், திரும்பும் டிக்கெட் ஆகிய ஷரத்துகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, ஒரு நகலை வீட்டில் வையுங்கள். அங்கே இறங்கியதும் வேறு காகிதம் நீட்டுவார்கள். அப்போது கையில் இருக்கும் ஆதாரம் இதுதான். பிரவாசி பாரதிய பீமா இன்ஷூரன்ஸ், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம். அதைக்கூடக் கட்டாமல் அனுப்புகிறவனை நம்பலாமா?

அந்தத் தோழருடன் மறுநாளே நாமும் தெருவார் பத்துப் பேரும் ஏஜெண்டின் காரியாலயத்துக்குப் போனோம். முதலில் ஆளே இல்லை என்றார்கள். மாலை வரை வாசலில் உட்கார்ந்தபின் ஆள் வந்தார். பாஸ்போர்ட் வந்துவிட்டது. பணத்தில் 70,000 வந்தது. பாக்கி 50,000-க்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறோம். இம்முறை ஐம்பது பேர்.