யூனிட்டுக்குப் பத்து ரூபாய்: இது வாடகையா, வஞ்சகமா?



இக்கட்டுரையை ஒரு தவற்றை ஒப்புக்கொண்டு தொடங்குவதே முறை. தவறு என்னுடையது.

ரமளான் முடிந்த பின் வந்த ஒரு வெள்ளியன்று, ஜும்ஆவுக்கு முந்தைய பயானில் வீண்விரயம் குறித்துப் பேசினேன். கேஸ் சிலிண்டர் விலை 2025 ஏப்ரலில் ஐம்பது ரூபாய் ஏறியதையும், கோடையில் மின்கட்டணம் எகிறுவதையும் எடுத்துச் சொல்லி, ஆளில்லாத அறையில் மின்விசிறி சுழல்வதும் இஸ்ராஃப்தான் என்று எச்சரித்தேன். ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற அறிவிப்பை ஆதாரமாகக் காட்டினேன். (அதன் அறிவிப்பாளர் வரிசையில் பேச்சு உண்டு, கருத்தில் எவருக்கும் பேச்சில்லை.) பயான் நன்றாக இருந்தது என்று பலர் கைகொடுத்தனர். முன்வரிசையில் இருந்தோர் சற்று அதிகமாகவே பாராட்டினர்.

மறுநாள் மதரஸா வாசலில் மாணவன் ஒருவனின் தாயார் காத்திருந்தார். பீடி சுற்றிக் குடும்பம் நடத்துபவர். மேலப்பாளையத்தில் அப்படிப்பட்ட தாய்மார்கள் எத்தனை பேர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் கேட்டது இவ்வளவுதான்: “ஹஜ்ரத், எங்க வீட்டுல இருக்கதே ரெண்டு ஃபேனும் ஒரு பழைய ஃபிரிட்ஜும்தான். ரெண்டு மாசத்துக்கு ரெண்டாயிரத்து நானூறு ரூபா கரண்ட் பில்லு கொடுக்கோம். இன்னும் எதை அணைக்கச் சொல்லுதீக?”

யூனிட் எவ்வளவு என்று கேட்டேன். இருநூற்று நாற்பது என்றார். விகிதம் என்னவென்று கேட்டேன். “வீட்டுக்காரவுக யூனிட்டுக்குப் பத்து ரூபான்னு வாங்குறாக” என்றார்.

அன்றிரவு காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். கணக்குப் போடாமல் பயான் செய்துவிட்டோமே என்ற வெட்கம் இன்றுவரை நீங்கவில்லை.

தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டில் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. 2024 ஜூலையில் மாற்றப்பட்ட விகிதப்படி, மானியம் போக நாம் கட்ட வேண்டியிருந்தது: 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய்; 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. அப்படியானால் தனி இணைப்புள்ள ஒரு வீட்டில் 240 யூனிட்டுக்கு என்ன ஆகும்? முதல் நூறு இலவசம். அடுத்த நூறு 235 ரூபாய். மீதி நாற்பது 188 ரூபாய். ஆக மொத்தம் 423 ரூபாய்.

நானூற்று இருபத்து மூன்று ரூபாய் எங்கே, இரண்டாயிரத்து நானூறு ரூபாய் எங்கே! நடுவிலுள்ள 1,977 ரூபாயை அந்தத் தாய் எதை அணைத்து மிச்சம் பிடிப்பார்?

சில வீட்டுக்காரர்கள் உடனே சொல்லக்கூடும்: “ஹஜ்ரத், கட்டடம் முழுவதற்கும் ஒரே இணைப்புதான். மொத்த யூனிட் கூடும்போது விகிதமும் கூடிவிடுகிறது. எங்களுக்கே பத்து ரூபாய் விழுகிறது.” இதில் பாதி உண்மை இருக்கிறது. எனவே அதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். கீழே வீட்டுக்காரர், மேலே இரண்டு குடித்தனங்கள். ஒவ்வொருவரும் 240 யூனிட். மொத்தம் 720. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் 2.35 என்ற சலுகைப் படி மறைந்துவிடும். 101 முதல் 400 வரை முழுவதும் 4.70 ஆகிவிடும். அது 1,410. அடுத்த நூறு 630. 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8.40 வீதம் 840. மிச்சம் 120 யூனிட் 9.45 வீதம் 1,134. மொத்த பில் 4,014 ரூபாய். சராசரியாக யூனிட்டுக்கு ஐந்தரை ரூபாய்க்குச் சற்று மேல். பத்து ரூபாய் எங்கேயும் விழவில்லை.

இரு குடித்தனக்காரர்களிடமும் பத்து ரூபாய் வீதம் வாங்கியது 4,800. வாரியத்திற்குக் கட்டியது 4,014. வீட்டுக்காரர் தம் வீட்டுக்கு எரித்த 240 யூனிட்டும் இலவசம். அதற்கு மேலும் கையில் நிற்பது 786 ரூபாய். நான் திட்டமிட்டு இந்த எண்ணை வரவழைக்கவில்லை. கழித்துப் பார்த்தபோது அதுவே வந்தது. வாசல் நிலையில் இந்த எண்ணைப் பொறித்து வைத்திருக்கும் வீடுகள் நம்மிடையே பல உண்டு. (அப்படி எழுதுவது சரியா என்பது வேறு விவாதம்.)

இதே மூன்று குடித்தனங்களுக்கும் தனித்தனி இணைப்பு இருந்திருந்தால் மூன்றும் சேர்ந்தே 1,269 ரூபாய்தான். முன்வைப்புத் தொகையும் வயரிங் செலவும் ஒருமுறை ஆகும். ஆனால் இரு மாதத்திற்கு ஒருமுறை 2,745 ரூபாய் வீணாக வாரியத்திற்குப் போவது நிற்கும். வீண்விரயம் என்று பேசுவோர் இதைப் பற்றி ஏன் பேசுவதில்லை? காரணம் வெளிப்படை. அந்தச் சுமை வீட்டுக்காரரின் தோளில் விழுவதில்லை. ஆதார் எண்ணை மின் இணைப்போடு சேர்க்கச் சொன்ன 2022ஆம் ஆண்டு இறுதியில், எத்தனை வீட்டுக்காரர்கள் குடித்தனக்காரர் பெயர் எங்கும் பதிந்துவிடக் கூடாதே என்று பதறினர் என்பதும் நமக்கு நினைவிருக்கிறது.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். என்னிடம் வாதிட்ட ஒருவர், “இது வியாபாரம், இரு தரப்பும் சம்மதித்த விலை, வியாபாரத்தில் இலாபத்திற்கு வரம்பில்லை” என்றார். கொஞ்சம் ஓதியவர்தான். இன்னொருவர் இதற்கு நேர்மாறாக, அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் முதஃப்பிஃபீன் அத்தியாயத்தை எடுத்து வைத்து இது அப்பட்டமான ஹராம் என்றார். இருவரும் அவசரப்படுகின்றனர்.

மீட்டர் சரியாகக் காட்டுமானால் அங்கே அளவு குறையவில்லை. ஆகவே அந்த வசனங்களை நேரடியாக இதன்மேல் பொருத்த நான் துணிய மாட்டேன். (கடையில் வாங்கி மாட்டிய சப் மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று எவரும் சோதித்ததில்லை என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன்.) ஆனால் வியாபாரம் என்று சொல்பவரிடம் இரு கேள்விகள் உண்டு.

முதலாவது: நீங்கள் மின்சாரத்தை விற்பவரா, அல்லது குடித்தனக்காரர் சார்பில் பில் கட்டுபவரா? விற்பவர் என்றால், உரிமமின்றி மின்சாரத்தை விநியோகிக்கவும் வணிகம் செய்யவும் 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் இடம் தருவதில்லை. சார்பில் கட்டுபவர் என்றால் ஃபிக்ஹின் மொழியில் நீங்கள் வக்கீல், பொறுப்பேற்ற பிரதிநிதி. பிரதிநிதியாக ஒரு பொருளை ஐந்து ரூபாய்க்கு வாங்கிவிட்டு, பத்து ரூபாய்க்கு வாங்கியதாகக் கணக்குக் காட்ட எந்த மத்ஹபில் அனுமதி இருக்கிறது? ஹனஃபியிலும் இல்லை, ஷாஃபியிலும் இல்லை. அது அமானிதம். அடக்க விலையைச் சொல்லி இலாபம் வைத்து விற்கும் முறாபஹா வியாபாரத்தில்கூட, அந்த அடக்க விலையை மறைப்பதும் கூட்டிச் சொல்வதும் துரோகமாகவே கருதப்படும்.

இரண்டாவது: அதற்கு நீங்கள் வைத்த பெயர் என்ன? “கரண்ட் பில்” என்றுதானே கேட்கிறீர்கள்? அந்தச் சொல்லைக் கேட்பவர், வாரியம் இவ்வளவு கேட்கிறது என்றே விளங்கிக்கொள்கிறார். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சியை நாம் எத்தனை முறை ஓதிக்கொடுத்திருக்கிறோம்! அங்கே குற்றம் ஈரமான தானியத்தை விற்றது அன்று. ஈரத்தை அடியிலே மறைத்தது. மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்பதே அங்கே கேட்கப்பட்ட கேள்வி. உங்கள் பில் மேலே இருக்கிறதா, அடியில் இருக்கிறதா?

வாடகையை உயர்த்த வேண்டுமா? உயர்த்துங்கள். வீடு உங்களுடையது. நாலாயிரம் வாடகையை ஐயாயிரம் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். குடித்தனக்காரர் நான்கு வீடு விசாரித்து, ஒத்துவந்தால் இருப்பார், இல்லையேல் போவார். குறைந்த வாடகை என்று அழைத்து வந்து குடியமர்த்தி, மீட்டர் வழியாக மிச்சத்தை உறிஞ்சுவதுதான் என் கண்டனத்திற்கு உரியது. சம்மதம் என்கிறீர்களே, பத்து ரூபாய்க்குச் சம்மதித்த அந்தத் தாய்க்கு 423 ரூபாய்க் கணக்குத் தெரிந்திருந்ததா? அறியாமையின் மேல் வாங்கிய ஒப்புதலைச் சம்மதம் என்று எந்த கிதாபில் படித்தோம்?

வீட்டுக்காரர்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. தண்ணீர் மோட்டார் ஓடுகிறது, மாடிப்படி விளக்கு எரிகிறது, சிலர் பில்லைக் கொடுக்காமலேயே வீட்டைக் காலி செய்துவிடுகின்றனர். உண்மைதான். மோட்டாருக்கு ஒரு தனி மீட்டர் மாட்டி, அதன் யூனிட்டைக் குடித்தனங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வேலை முடிந்தது. பில் கட்டாமல் ஓடுவோருக்காகத்தான் முன்பணம் வாங்கி வைத்திருக்கிறீர்கள். அதுபோலவே, சப் மீட்டரைச் சுற்றி வயர் இழுக்கும் குடித்தனக்காரரும், கல்யாணச் சீரியல் விளக்குக்குக் கம்பத்தில் கொக்கி போடுபவரும் என்னிடம் ஆறுதல் தேட வேண்டாம். திருட்டுக்குத் திருட்டு பதிலாகாது.

சிக்கனம் வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. அந்தச் சகோதரிக்கு நான் பின்னர் எழுதிக்கொடுத்ததையே இங்கும் சொல்கிறேன். சாதாரண மின்விசிறி 75 வாட். நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் இரு மாதத்தில் 90 யூனிட். அரசுக் கணக்கில் அந்த ஒரு மின்விசிறி இலவச நூறுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பத்து ரூபாய்க் கணக்கில் அதே காற்றுக்கு 900 ரூபாய். 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறி 36 யூனிட்தான் இழுக்கும். ஆயினும் ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறியைக் கழற்றிவிட்டு, கடன் வாங்கி இதை மாட்ட வேண்டாம். 240 யூனிட் எரிக்கும் வீட்டில் உண்மையான விகிதப்படி மிச்சமாவது இரு மாதத்திற்கு 220 ரூபாய் அளவே. பழையது பழுதாகும்போது மாற்றினால் போதும். 500 யூனிட் விளிம்பில் நிற்கும் குடும்பங்களுக்கு மட்டும் கணக்கு வேறு. மேற்சொன்ன விகிதப்படி சரியாக 500 என்றால் 1,805 ரூபாய். 501 ஆகிவிட்டால் 2,048. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய்! ஆகவே ரீடிங் எடுத்த நாளைக் காலண்டரில் குறித்து, வாரம் ஒருமுறை மீட்டரைப் பார்த்து எழுதி வாருங்கள். ஏழாவது வாரத்தில் விளிம்பு நெருங்குவது தெரிந்தால் ஏசி, வாட்டர் ஹீட்டர், துணி தேய்க்கும் பெட்டி ஆகிய மூன்றையும் சில நாள் கட்டுப்படுத்தலாம். மற்றவை சில்லறை.

இரவில் விளக்கை அணைக்கச் சொல்லும் ஹதீஸைச் சிலர் மின்சிக்கனத்திற்கு ஆதாரமாக்குகின்றனர். அந்த ஹதீஸ் எலி திரியை இழுத்து வீட்டைக் கொளுத்திவிடும் ஆபத்தைப் பற்றியது. ஏழைக்கு அறிவுரை சொல்வதற்காக ஹதீஸை வளைக்க வேண்டாம்.

இந்த வாதத்தில் பள்ளிவாசல்களுக்கும் பங்குண்டு. வக்ஃபு வீடுகளை வாடகைக்கு விடும் ஜமாஅத்துகள், தாங்கள் யூனிட்டுக்கு என்ன வாங்குகிறோம் என்பதை முதலில் பார்க்கட்டும். ஜமாஅத்தே பத்து ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தால், ஹாஜியாரைக் கேட்க எந்த நாவுக்குத் துணிவு வரும்? தொழுகை நேரம் எழுதும் பலகைக்குப் பக்கத்தில், வக்ஃபு வீடுகளின் மின்கட்டண ரசீதையும் அதைப் பிரித்த கணக்கையும் இரு மாதத்திற்கு ஒருமுறை ஒட்ட வேண்டும் என்று எங்கள் மஹல்லா நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பேசிச் சொல்வதாகக் கூறியுள்ளனர்.

கடைசியாக ஒன்று. நானும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். ஆறு ஆண்டுகளாக யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் கொடுத்து வருகிறேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர். என் பிள்ளையின் அகீகாவுக்கு முதல் ஆளாக வந்து நின்றவர். அந்த முகத்தைப் பார்த்து இதுவரை பில்லைக் காட்டுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மிம்பரில் ஏறி ஏழைத் தாயிடம் மின்விசிறியை அணைக்கச் சொல்ல மட்டும் வாய் வந்தது. இந்த மாத ரீடிங் நேற்று எடுத்தாயிற்று. இன்று அஸருக்குப் பின் அவர் திண்ணையில் இருப்பார். மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு செல்கிறேன்.

வஸ்ஸலாம்.