கடன் தீராத அமெரிக்க போன்: பூட்டைத் திறக்கலாம், பாக்கி போகுமா?

அமெரிக்காவில் இருந்து வந்த மச்சான் ஒரு போனைக் கொடுத்துவிட்டுப் போகிறார். பளபளவென்று புதுசு. நம்ம ஊர் சிம்மைப் போட்டால் மட்டும் "செல்லாது" என்கிறது. ரிச்சி தெருவுக்கு ஓடுகிறோம். "திறந்துடலாம் சார், கொஞ்சம் செலவாகும்" என்கிறார் ஒரு ஆசாமி. பணத்தை நீட்டும் முன் கொஞ்சம் நில்லுங்க!

போன் கெட்டுப் போகவில்லை. பூட்டியிருக்கிறது. சாவி கடல் கடந்து கம்பெனிக்காரன் கையில் இருக்கிறது. அந்தப் பூட்டு 2026 ஜனவரியில் இன்னும் இறுகிவிட்டது. அதான் சங்கதி.

எதுக்கு இந்தப் பூட்டு?

நம்ம ஊரில் லைன் தருவது ஒரு கம்பெனி. போனுக்குத் தவணைக் கடன் தருவது பெரும்பாலும் பைனான்ஸ் கம்பெனி. அமெரிக்காவில் அப்படி இல்லை. வெரைசன், ஏ.டி. அண்ட் டி., டி-மொபைல் ஆகிய மூன்று பெரிய கம்பெனிகளும் லைனும் தருகின்றன, தவணைக்குப் போனும் தருகின்றன. 24 மாதம், 36 மாதம் என்று தவணை ஓடும். பூட்டு இருக்கும்வரை வேறு கம்பெனி சிம் அதில் வேலை செய்யாது.

அடகுக் கடையில் நகை கடைக்காரரின் பெட்டிக்குள் போய்விடும். இங்கே பொருள் உங்கள் பாக்கெட்டில். சாவி மட்டும் அவர்களிடம். டி-மொபைலில் போன் 40 நாளாவது லைனில் ஓடியிருக்க வேண்டும், பணமும் முழுசாகத் தீர்ந்திருக்க வேண்டும். ஏ.டி. அண்ட் டி.யில் இதே கதைதான், நாள் மட்டும் 60.

வெரைசனுக்கு வந்த சலுகை

வெரைசன் விஷயம் மட்டும் வேறாக இருந்தது. 2008 ஏலத்தில் அலைவரிசை வாங்கியபோதே, அதில் ஓடும் போன்களைப் பூட்டக் கூடாது என்று அரசு நிபந்தனை போட்டது. 2019-ல் 60 நாள் மட்டும் பூட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. 61-வது நாள், தவணை பாக்கி இருந்தாலும் பூட்டு தானாகத் திறந்துவிடும். ஜனங்களுக்கு இது பெரிய வசதி.

2026 ஜனவரி 12-ம் தேதி, அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எப்.சி.சி., அந்த 60 நாள் விதியிலிருந்து வெரைசனுக்கு விலக்கு கொடுத்தது. மோசடிக் கும்பல்கள் தவணையில் போனை வாங்கி, பூட்டு திறந்ததும் வெளிநாட்டில் விற்றுவிடுகின்றன என்பது கம்பெனியின் வாதம். வேறு கம்பெனிக்கு மாற நினைக்கிறவன் காலைக் கட்டிப் போடுகிறார்கள் என்பது நுகர்வோர் அமைப்புகளின் எதிர்ப்பு.

திருட்டு உண்மைதான். ஆனால் கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் போன்களைப் பூட்டி விற்கத் தடை. பிரிட்டனில் 2021 டிசம்பர் முதல் தடை. அங்கேயும் தவணை வியாபாரம் நடக்கத்தானே செய்கிறது! அப்படியானால் பூட்டு கடனைக் காப்பாற்றவா, வாடிக்கையாளரைப் பிடித்து வைக்கவா?

திறப்பது குற்றமா?

2013-ல் அமெரிக்காவில் புதுப் போனை அனுமதியில்லாமல் திறப்பதே பதிப்புரிமைச் சட்டப்படி தப்பு என்று ஆனது. ஒரு லட்சம் பேருக்கு மேல் வெள்ளை மாளிகைக்கு மனுப் போட்டார்கள். 2014 ஆகஸ்ட் 1-ம் தேதி அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் திறப்பதற்கு வழிவிட்டது.

ஆனால் அந்தச் சட்டம் கடனைத் தள்ளுபடி செய்யவில்லை. பூட்டு வேறு, பாக்கி வேறு. பாக்கியை விட்டுவிட்டால் போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கம்பெனி கறுப்புப் பட்டியலில் ஏற்றலாம். அப்புறம் அமெரிக்க லைனில் அது வெறும் கேமராதான்.

கடைக்காரர் செய்யும் வித்தை

இங்கே நடப்பது பெரும்பாலும் மூன்று வழி. ஒன்று, கம்பெனியிடமே அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்வது. கடன் பாக்கி என்றால் நேர் வழியில் அது கிடைக்காது. இரண்டு, சிம்மோடு மெல்லிய சிப் ஒன்றைச் சேர்த்து வைத்துப் போனை ஏமாற்றுவது. அடுத்த சாப்ட்வேர் அப்டேட் வந்தால் அது படுத்துவிடலாம். மூன்று, ஐ.எம்.இ.ஐ. எண்ணையே மாற்றுவது. இதுதான் ஆபத்து! நம் நாட்டின் 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி இதற்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 50 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

வாங்கும் முன்...

ஐபோன் என்றால் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய் "கேரியர் லாக்" என்ற வரியைப் பாருங்க. "நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" என்று இருந்தால் பூட்டு இல்லை. எந்தப் போனானாலும் உங்கள் சிம்மைப் போட்டு ஒரு கால் பேசிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்க.

*#06# அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண் வரும். ஆங்கில எழுத்தில் கே.ஒய்.எம்., ஒரு இடைவெளி, பிறகு அந்த 15 இலக்க எண் என்று டைப் செய்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், இங்கே அந்த எண்ணின் நிலை என்ன என்று தெரியும். அமெரிக்கக் கடன் பாக்கி அதில் தெரியாது. அதைக் கொண்டுவந்தவரிடம்தான் கேட்க வேண்டும். "தவணை முடிஞ்சுதா, கம்பெனி திறந்து விட்டுதா?" என்று கூச்சப்படாமல் கேளுங்க. சொந்தக்காரராக இருந்தாலும் சரி!

கடனைக் கட்டி, கம்பெனி சொன்ன நாளும் ஓடியிருந்தால் கம்பெனியே பூட்டைத் திறந்துவிடும். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. சும்மா கிடைக்கிற சாவிக்குக் கள்ளச் சாவிக்காரனிடம் ஏன் காசைக் கொட்ட வேண்டும்?