சருகும் வேப்பம்பூவும்

மாசி பிறந்தால் திருச்சிப் பக்கம் வேப்பமரங்கள் இலை கொட்டத் தொடங்கிவிடும். காலையில் கூட்டிய இடம் காப்பி குடித்து முடிப்பதற்குள் மறுபடி மஞ்சளாகக் கிடக்கும். பங்குனியில் செந்தளிர், அதன் பின்னாலேயே பூ. இந்த இடைவெளிக்குள் தோட்டத்தை ஒழுங்கு செய்தாக வேண்டும். பூ உதிரும்போது மரத்தடி சுத்தமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் அம்மா போட்ட சட்டம். இரவே பழைய வேட்டியை விரித்து வைத்தால் விடிவதற்குள் பூ விழுந்து கிடக்கும். தூசி புடைத்து நிழலில் உலர்த்தி பாட்டிலில் அடைத்தால், சித்திரை முதல் நாள் பச்சடிக்கும் ஆயிற்று, வருஷம் முழுக்க ரசத்துக்கும் ஆயிற்று.

கூட்டுவதில் சிரமமில்லை. கூட்டிய சருகை என்ன செய்வது என்பதில்தான் எங்கள் தெருவே இரண்டு கட்சி. பல வீடுகளில் ஒரு தீக்குச்சியோடு வேலை முடிந்துவிடுகிறது. வேப்பிலைப் புகைக்குக் கொசு வராது என்று காரணமும் சொல்கிறார்கள். அந்தப் புகையில் மூச்சிரைப்புக்காரியான என் அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டு புழுக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் நிஜமாகவே கோபம் உண்டு. திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே நாடு முழுவதும் தடை செய்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. அபராதம் கிடக்கட்டும். வருஷமெல்லாம் வேர் உறிஞ்சியதை மரம் இலையாகத் திருப்பித் தருகிறது. கொளுத்தினால் அதிலுள்ள தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாங்கள் பாதிச் சருகை வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் மூடாக்காகப் போடுகிறோம். நான்கு விரல் உயரம் பரப்பினால் சித்திரை வெயிலிலும் கீழே மண் ஈரமாக இருக்கும். அடித்தண்டை ஒட்டியோ வீட்டுச் சுவரை ஒட்டியோ மட்டும் குவிக்கக் கூடாது, கறையான் ஏறிவிடும். மீதி குழிக்குப் போகிறது: ஓர் அடுக்கு சருகு, மேலே காய்கறிக் கழிவு, கொஞ்சம் சாணிக் கரைசல். வெறும் சருகு மட்க நாளாகும். பச்சைக் கழிவு சேர்ந்தால்தான் வேலை நடக்கும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் கசிய வேண்டும், ஒழுகக் கூடாது.

துவைக்கிற கல்லோரம் கிடந்த உடைந்த ஓடுகளை அப்புறப்படுத்தும்போது, "அண்ணே, மெதுவா! தேரை உக்காந்திருக்கு" என்று தோட்ட வேலைக்கு வரும் பெண் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். மண் நிறம், முதுகெல்லாம் மரு, கண்ணுக்குப் பின்னால் தடித்த இரண்டு மேடு. அசையவே இல்லை, தொண்டை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. தேங்காயில் பருப்பில்லை என்றால் தேரை மோந்ததாகச் சொல்லிப் பழி போடுகிறோம். அது மகரந்தச் சேர்க்கை சரியில்லாமலோ, சாம்பல்சத்து, போரான் குறைவாலோ வரும் கோளாறு. இந்த ஜீவன் தின்பது எறும்பையும் கறையானையும் வண்டையும். ஓடுகளைப் பழையபடியே வைத்துவிட்டோம். அந்த மூலை சுத்தமாகவில்லை, ஆகவும் வேண்டாம்.

கிணற்றடியில் இன்னொன்று. போன வருஷப் பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்தை அம்மா அங்கே புதைத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. இலை காய்ந்து சாய்ந்திருந்ததைக் களை என்று நினைத்துக் கொத்தினேன், விரலி விரலியாகக் கிழங்கு வந்தது. அம்மா ஒன்றை வாங்கி ஒடித்து முகர்ந்து பார்த்தார். உள்ளே நல்ல ஆரஞ்சு நிறம். "முத்தியிருக்குடா. விரலியை வேகவச்சுக் காயப்போடு, தாய்க் கிழங்கை வித்துக்கு எடுத்து வை" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பைப் பார்த்து நாளாயிற்று.

துணிக்கொடியில் தேன்சிட்டு கூடு கட்டியிருப்பதையும் அம்மாதான் முதலில் கண்டார். ஒரு சின்னச் சுருக்குப் பை மாதிரி தொங்குகிறது. நார், சருகுத் துணுக்கு, எல்லாவற்றையும் ஒட்டிப் பிடிக்க சிலந்தி வலை. நாம் குப்பை என்று கூட்டித் தள்ளுவதிலிருந்து அது வேண்டியதைப் பொறுக்கியிருக்கிறது. பெண் பறவைதான் அடைகாக்கும். முட்டை பொரிய இரண்டு வாரம் போல ஆகும், குஞ்சு பறக்க மேலும் அவ்வளவு. அதுவரை துணியெல்லாம் மொட்டை மாடிக்கு.

எதிர்வீட்டுக்காரர் நேற்று ஒரு சாக்குச் சருகோடு வந்தார். "இந்தத் தடவை கொளுத்தலீங்க. அம்மாவுக்கு ஆகலைன்னு வீட்ல சொன்னாங்க. உங்க குழியில எடமிருக்குமா?" என்றார். வாங்கிக் கொட்டிவிட்டேன். குழி நிரம்பிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்கும் மதிலுக்கும் நடுவில் இன்னொன்று வெட்டுவதாக இருவரும் பேசியிருக்கிறோம்.